ஒரு கோடியில் எத்தனை நூறு?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரின் பதில்கள்

சென்ற இதழில் ஐந்து இலக்க எண்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் அதற்கு மேலே ஏறிவிட்டன: லட்சம், கோடி, மில்லியன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிக்கொண்டேன். தனித்தனியாகப் பதில் வராதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. ‘மூன்று லட்சத்து நாற்பதாயிரத்து ஏழு’ என்று சொன்னால் 300000400007 என்று எழுதுகிறான். திருத்திக் காட்டினால் தலையாட்டுகிறான், அடுத்த முறை அதே தப்பு. கவனக்குறைவா, வேறு ஏதாவதா?

கவனக்குறைவு கிடையாது. அவன் எழுதியதை நிதானமாகப் பிரித்துப் பாருங்கள்: 300000, அடுத்து 40000, அடுத்து 7. மூன்று துண்டும் சரி. காதில் விழுந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான், அவ்வளவுதான். லட்சத்துக்கு எத்தனை பூஜ்ஜியம், ஆயிரத்துக்கு எத்தனை பூஜ்ஜியம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்தத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

நாம் எண்ணைப் பேசும் விதம் வேறு, எழுதும் விதம் வேறு. பேசும்போது லட்சம், ஆயிரம் என்று அளவின் பெயரை வாய்விட்டுச் சொல்கிறோம். காலியாக இருக்கும் இடத்தைப் பற்றி மூச்சே விடுவதில்லை. 3,40,007-ஐ வாசிக்கும்போது ‘நூறு இல்லை, பத்து இல்லை’ என்று யாராவது சொல்கிறோமா? எழுதும்போது அப்படியே தலைகீழ். பெயர் ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் காலி இடத்துக்கெல்லாம் பூஜ்ஜியம் போட்டே ஆக வேண்டும். பழைய தமிழ் எண்முறையில் இந்தத் தொல்லை இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து இருந்ததால் இரண்டாயிரத்து ஐந்தை ௨௲௫ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். பூஜ்ஜியத்துக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் மகன் பாதி அந்த முறையிலும் பாதி இந்த முறையிலும் நிற்கிறான்.

திருத்திக் காட்டுவதை நிறுத்திவிட்டு அட்டை வெட்டுங்கள். ஒரு இலக்கத்துக்கு ஒரு கட்டம், எல்லாக் கட்டமும் ஒரே அகலம். 300000 அட்டை ஆறு கட்ட நீளம், 40000 ஐந்து கட்டம், 7 ஒரே கட்டம். பெரிய அட்டையை மேசையில் வைத்து, அதன்மேல் 40000, அதற்கு மேல் 7. வலது ஓரம் மூன்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் 340007. இப்போது 7-ஐத் தூக்கச் சொல்லுங்கள், அடியில் பூஜ்ஜியம் தெரியும். 4 இருக்கும் அட்டையைத் தூக்கினால் அதற்கடியிலும் பூஜ்ஜியம். தான் எழுதிய அத்தனை பூஜ்ஜியமும் தொலைந்துபோகவில்லை, சில மறைந்திருக்கின்றன, சில மறைக்க ஆளில்லாமல் வெளியே தெரிகின்றன என்பது அவன் கையாலேயே அவனுக்குப் புரிந்துவிடும். நாம் வாயால் எவ்வளவு சொன்னாலும் இது வராது.

அட்டை பழகிய பிறகு கோடு போட்டு எழுத வையுங்கள். வலது ஓரத்தில் மூன்று சிறு கோடுகள், அதற்கு இடப்பக்கம் ஆயிரத்துக்கு இரண்டு, லட்சத்துக்கு இரண்டு, கோடிக்கு இரண்டு. விதி ஒன்றே ஒன்று: எண் எந்தத் தொகுதியில் ஆரம்பிக்கிறதோ அது மட்டும் பாதி காலியாக இருக்கலாம், அதற்கு வலப்பக்கம் ஒரு கோடும் காலியாக இருக்கக் கூடாது. லட்சம், ஆயிரம் எல்லாம் சொன்ன பிறகு முடிவில் ‘ஏழு’ என்று மட்டும் வந்தாலும் கடைசித் தொகுதியில் 007 என்று நிரம்ப வேண்டும். 3,47,582 போன்ற எண்களைக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள், அதில் தப்பு செய்ய இடமே இல்லை. ஐந்து லட்சத்து ஐந்து, பத்து லட்சத்து ஓராயிரத்துப் பத்து, ஒன்பது கோடியே தொண்ணூறாயிரத்து ஒன்பது: இப்படிக் கேளுங்கள். விடைகள் 5,00,005, 10,01,010, 9,00,90,009.

இன்னொன்று. ‘தொள்ளாயிரம்’ என்றதும் 9000 எழுதும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காதில் ஆயிரம் என்று விழுகிறதே, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரம் என்று வரிசையாகப் பத்து நாள் சொல்ல வைத்தால் சரியாகிவிடும். விளக்கம் தேவையில்லை.

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இடமதிப்புக் கேள்விகளுக்கு எப்போதும் முழு மதிப்பெண். ஆனால் 50,00,000-லிருந்து 1-ஐக் கழி என்றால் அழுதுவிடுகிறாள். இடமதிப்பு தெரிந்த பிள்ளைக்குக் கழித்தல் ஏன் வரவில்லை?

முழு மதிப்பெண்ணை நம்பாதீர்கள். ‘3,47,582-இல் 5-இன் இடமதிப்பு என்ன?’ என்ற கேள்விக்கு, வலமிருந்து ஒன்று, பத்து, நூறு என்று விரல் வைத்து எண்ணத் தெரிந்தால் போதும், விடை வந்துவிடும். அது இடத்தின் பெயரைக் கண்டுபிடிக்கும் வேலை. பெயர் தெரிந்தவருக்கெல்லாம் மதிப்பு தெரியும் என்று சொல்ல முடியாது.

அவளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘3,47,582-இல் மொத்தம் எத்தனை நூறுகள் இருக்கின்றன?’ பெரும்பாலும் ‘ஐந்து’ என்பாள். ஐந்து என்பது நூறுகள் இடத்தில் நிற்கும் இலக்கம். மொத்த நூறுகள் 3,475. மூன்று லட்சத்துக்குள் இருக்கும் நூறுகள் எங்கே போயின? இந்த ஒரு கேள்வியில் தடுக்கி விழாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அபூர்வம். சில பெரியவர்களும் ஒரு நொடி யோசிப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது எளிது. எண்ணைப் பெரிதாக எழுதி, வலது பக்கத்துக் கடைசி இரண்டு இலக்கத்தைக் கையால் மறைக்கச் சொல்லுங்கள். தெரிவது 3475, அத்தனை நூறு. மூன்றை மறைத்தால் 347, அத்தனை ஆயிரம். நான்கை மறைத்தால் 34, அத்தனை பத்தாயிரம். ஒன்றை மட்டும் மறைத்தால் 34,758 பத்துகள். ஒரே எண்ணை ஐந்து விதமாகச் சொல்லிவிட்டாள். ஒரு கோடியில் எத்தனை நூறு என்று கேளுங்கள். இரண்டு பூஜ்ஜியத்தை மறைத்துவிட்டு ‘ஒரு லட்சம்’ என்பாள், சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்படுவாள்.

இப்போது அழவைத்த கணக்குக்கு வாருங்கள். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வழியில், ஒன்றுகள் இடத்தில் பூஜ்ஜியம், பக்கத்தில் கடன் கேட்டால் அங்கேயும் பூஜ்ஜியம், அதற்குப் பக்கத்திலும் பூஜ்ஜியம் என்று ஆறு வீடு தட்டிவிட்டு 5-இடம் போய் நிற்க வேண்டும். வழியில் ஓர் இடத்தில் 9-க்குப் பதில் 10 எழுதினால் எல்லாம் போயிற்று. அதையே இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்: 50,00,000 என்பது 5,00,000 பத்துகள். ஒரு பத்தை எடுத்துச் சில்லறையாக்கினால் மிஞ்சுவது 4,99,999 பத்துகள், கையில் 10 ஒன்றுகள். அதில் ஒன்றைக் கொடுத்தாயிற்று, 9 மிச்சம். விடை 49,99,999. ஒரே ஒரு தடவைதான் கடன். நூறைக் கழிக்க வேண்டுமானால் 50,000 நூறுகளில் ஒரு நூறு குறைகிறது, 49,999 நூறு, அதாவது 49,99,900. இதற்கு நோட்டுகூட வேண்டாம்.

நான் இடமதிப்பு என்று சொல்வது இதைத்தான். பத்து சேர்ந்தால் இடப்பக்கம் ஒன்றாகும், இடப்பக்கத்து ஒன்றை உடைத்தால் வலப்பக்கம் பத்தாகும். லட்சம், கோடி என்ற பெயர்கள் எல்லாம் இதன்மேல் ஒட்டிய சீட்டுதான். அவள் இந்த மாற்றிக்கொள்ளுதலைப் பிடித்துவிட்டாளா என்று பார்க்க இன்னொரு கேள்வி: ‘7 ஆயிரம், 15 நூறு, 4 ஒன்று, மொத்தம் என்ன?’ 7154 என்று வந்தால் இன்னும் பெயரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். 8,504 என்று வந்தால் கவலையை விடுங்கள்.

அப்படியே, ‘பத்தால் பெருக்கினால் கடைசியில் ஒரு பூஜ்ஜியம் சேர்’ என்ற வாய்ப்பாட்டையும் வீட்டில் தடை செய்துவிடுங்கள். இன்றைக்கு வேலை செய்யும். தசமம் வந்ததும் 2.5-ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பாள். இலக்கங்கள் எல்லாம் இடப்பக்கம் ஓர் இடம் நகர்கின்றன, காலியான இடத்தில் பூஜ்ஜியம் வந்து உட்காருகிறது. அப்படிச் சொல்லிப் பழக்கினால் எந்த வகுப்பிலும் பொய்யாகாது.

கேள்வி: நான் ஆசிரியை. ஆயிரம் வரை மணிகள், குச்சிகள் வைத்துக் காட்டிவிடுகிறேன். லட்சத்தையும் கோடியையும் கண்ணால் காட்ட வழி உண்டா? கரும்பலகையில் பூஜ்ஜியம் போட்டுக்கொண்டே போவது எனக்கே அலுத்துவிட்டது.

உண்டு டீச்சர், மில்லிமீட்டர் வரைபடத்தாள் போதும். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தாளில் இருக்கும் மிகச் சிறிய கட்டம், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர், அதுதான் ஒன்று. அப்படிப் பத்துக் கட்டம் ஒரு கோடாகச் சேர்ந்தால் பத்து. பத்துக் கோடு சேர்ந்தால் ஒரு சதுர சென்டிமீட்டர், நூறு. பத்து சென்டிமீட்டர் நீளப் பட்டை ஆயிரம். பத்துப் பட்டை சேர்ந்த சதுரம், பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர், அது பத்தாயிரம். அந்தச் சதுரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். பத்தை வரிசையாக ஒட்டினால் ஒரு மீட்டர் நீள நாடா, அதுதான் லட்சம். பத்து நாடாவை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் ஒரு சதுர மீட்டர், பத்து லட்சம். அதுபோல் பத்துச் சதுர மீட்டரை வரிசையாக வைத்தால் ஒரு கோடி: பத்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். பள்ளித் தாழ்வாரத்தில் விரித்தால் பிள்ளைகள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவார்கள். ஆயிரம் சதுரம் வெட்டி மாளாது என்றால் ஒரு சதுர மீட்டர் மட்டும் ஒட்டிவிட்டு மீதி ஒன்பதைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். பெரிய தாளாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

சதுரம், பட்டை, சதுரம், பட்டை என்று மாறி மாறி வருவதை அவர்களே கவனிப்பார்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு கட்டத்தை நிரப்பி வைத்துவிட்டு, ‘கண்டுபிடிங்க பார்ப்போம்’ என்றான். கோடியில் ஒன்று. எல்லாரும் தரையில் மூக்கு படும்படி குனிந்து தேடினார்கள். ஒரு சிறுமி மட்டும் தேடவில்லை, அவனிடம் போய் ‘எந்த மீட்டர்?’ என்று கேட்டாள். அப்புறம் ‘எந்த நாடா?’ என்றாள். அன்றிலிருந்து அதையே பாடமாக வைத்துக்கொண்டேன்.

எப்படி என்றால், ஒவ்வொரு மட்டத்திலும் 0 முதல் 9 வரை எண் போட்டுவிடுங்கள். ஒருவர் ஒளித்து வைக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். எந்தச் சதுர மீட்டர்? 3. அதில் எந்த நாடா? 0. நாடாவில் எந்தச் சதுரம்? 7. சதுரத்தில் எந்தப் பட்டை? 4. பட்டையில் எந்த சென்டிமீட்டர்? 2. அதில் எந்தக் கோடு? 9. கோட்டில் எந்தக் கட்டம்? 5. ஏழே கேள்விதான், பேனாமுனை நேராகச் சிவப்புக் கட்டத்தில் போய் நிற்கும். பதில்களை வரிசையாக எழுதினால் 30,74,295. ஒவ்வொரு இலக்கமும் தேடும் பரப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. முதல் இலக்கம் தப்பாகச் சொன்னால் பிள்ளை வேறு மீட்டரில் நிற்கிறது, கடைசி இலக்கம் தப்பாகச் சொன்னால் சில மில்லிமீட்டர்தான் விலகுகிறது. பெரிய எண்களை ஒப்பிடும்போது இடப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற பாடத்தைத் தனியாக நடத்தவே வேண்டியதில்லை. பூஜ்ஜியத்தைப் பாருங்கள், அது இங்கே ‘ஒன்றுமில்லை’ என்று நிற்கவில்லை. முதல் நாடா என்று சொல்லும் முழுப் பதில். அதை விட்டுவிட்டால் அடுத்த பதில் எல்லாம் தப்பான மட்டத்துக்குப் போய்விடும்.

தாள் ஒத்துவரவில்லை என்றால் விநாடி. ஒரு லட்சம் விநாடி என்பது 1 நாள் 3 மணி 46 நிமிடம் 40 விநாடி. பத்து லட்சம் விநாடி 11 நாள் 13 மணி 46 நிமிடம் 40 விநாடி. ஒரு கோடி விநாடி 115 நாள் 17 மணி 46 நிமிடம் 40 விநாடி. நூறு கோடிக்கு 31 வருடத்துக்கும் மேல். மூன்றிலும் அந்த 46 நிமிடம் 40 விநாடி ஏன் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள், அது தனி விருந்து. ‘ஒரு விநாடிக்கு ஓர் எண் சொன்னால்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை ஒரு விநாடியில் யாரால் சொல்ல முடியும்? விவரமான பிள்ளை உடனே பிடித்துவிடும்.

கேள்வி: மகளின் பாடநூலில் ஒரு கோடி 1,00,00,000 என்று இருக்கிறது. கணினியில் 10,000,000 என்று வருகிறது. எது சரி என்று கேட்கிறாள். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் குழம்ப மாட்டாளா?

இரண்டும் சரி. கால்புள்ளி எண்ணின் உறுப்பு கிடையாது, வாசிப்பவருக்குக் கொடுக்கும் கைத்தாங்கல். எடுத்துவிட்டாலும் எண் மாறாது. நம் முறையில் ஆயிரத்துக்குப் பிறகு நூறு ஆயிரம் சேர்ந்தால் லட்சம், நூறு லட்சம் சேர்ந்தால் கோடி என்று நூறு நூறாகப் புதுப்பெயர் வருவதால் இரண்டு இரண்டு இலக்கமாகப் பிரிக்கிறோம். பன்னாட்டு முறையில் ஆயிரம் ஆயிரமாகப் புதுப்பெயர், அதனால் மூன்று மூன்று.

ஒரு நல்ல எண் தருகிறேன். வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் செல்லும் தூரம் 29,97,92,458 மீட்டர். இது தோராயம் இல்லை, துல்லியம். 1983-இல் மீட்டர் என்ற அளவையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுத்தார்கள். இதை இருபத்தொன்பது கோடியே தொண்ணூற்றேழு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து நானூற்று ஐம்பத்தெட்டு என்று வாசிக்கட்டும். பிறகு கால்புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு, வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாகப் போட்டு 299,792,458 என்று எழுதி, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது மில்லியன் என்று ஆரம்பிக்கட்டும். ‘அழித்துவிட்டு’ என்பது முக்கியம். ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்குப் புள்ளியை நகர்த்தி நகர்த்திப் போனால் கண்டிப்பாகக் குழம்பும்.

மனப்பாடம் செய்ய மூன்றே செய்தி: மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி, ட்ரில்லியன் ஒரு லட்சம் கோடி. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு என் கட்சி இதுதான்: ஒரு முறையில் கோடி வரை தடங்கலில்லாமல் எழுதவும் வாசிக்கவும் வந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். எந்த முறை முதலில் என்பது பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் படிக்கிறது என்பதைப் பொறுத்தது. பில்லியன் என்ற சொல்லும் எல்லா இடத்திலும் ஒன்று கிடையாது. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அது லட்சம் கோடியைத்தான் குறிக்கும். பிரிட்டன் அரசும் 1974-இல்தான் நூறு கோடிக்கு அதிகாரபூர்வமாக மாறியது. இதெல்லாம் உங்களுக்கு, மகளிடம் இப்போதே சொல்லி அவள் உயிரை எடுக்க வேண்டாம்.

கேள்வி: மணிச்சட்டம் வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அதில் எல்லா மணியும் ஒரே அளவு. கோடியைக் காட்டும் மணியும் ஒன்றைக் காட்டும் மணியும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். இடம் பழக அது நல்லது, அளவு பழக உதவாது. மரியா மாண்டிசோரி என்ற கல்வியாளரின் மணிகளில் ஒன்று ஒரு மணி, பத்து ஒரு கம்பி, நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனசதுரம். அங்கே அளவு கையிலேயே கனக்கும். முதலில் அப்படி ஏதாவது ஒன்று, பிறகு மணிச்சட்டம். ஆயிரம் தாண்டினால் மேலே சொன்ன வரைபடத்தாள்.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். கோடிக்கு அப்புறம் என்ன? எங்கள் வகுப்பில் ஒருவன் கோடிதான் கடைசி என்கிறான்.

நீ சொன்ன அந்தப் பையனிடம் ஒரு கோடியே ஒன்று என்று சொல்லிவிட்டு வா. முதல் வேலை அது.

பெயர்கள் வேண்டுமானால் நிறைய இருக்கின்றன. பரிபாடலின் இரண்டாம் பாடல் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களை அடுக்குகிறது. முக்கால்வாசி தண்ணீரில் பூக்கும் பூக்களின் பெயர், பார்த்தாயா? கைபேசியில் சுற்றிவரும் பட்டியல்களில் இவற்றுக்கு ஆளுக்கொரு மதிப்பு போட்டிருப்பார்கள், அதை நம்பி யாரோடும் பந்தயம் கட்டாதே. 1-க்குப் பிறகு நூறு பூஜ்ஜியம் போட்டால் வரும் எண்ணுக்குக் கூகோல் என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னது உன்னைவிடச் சின்னப் பையன். எட்வர்ட் காஸ்னர் என்ற கணிதப் பேராசிரியரின் அக்காள் தங்கை வழி மருமகன்.

ஆனால் வாசிப்பதற்குப் புதுப்பெயரே தேவையில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரத்தை வைத்து விஞ்ஞானிகள் ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். அது 149597870700 மீட்டர். வலப்பக்கத்து ஏழு இலக்கத்தைப் பிரித்துவிடு: 7870700. மிஞ்சியது 14959. அதைப் புது எண் மாதிரி வாசித்து, பின்னால் ‘கோடி’ என்று சேர்த்துக்கொள். பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது கோடியே எழுபத்தெட்டு லட்சத்து எழுபதாயிரத்து எழுநூறு. முடிந்தது. இடப்பக்கமும் ஏழு இலக்கத்தைத் தாண்டினால் அங்கே இன்னொரு கோடி வரும். கோடானுகோடி என்கிறோமே, கோடியைக் கோடியால் பெருக்கினால் 1-க்குப் பின்னால் பதினான்கு பூஜ்ஜியம். அதோடு ஒன்று கூட்டுவதை யார் தடுக்கப் போகிறார்கள்?

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டில் கூடுவார்கள். வெவ்வேறு வயது. இடமதிப்பை வைத்து விளையாட்டு ஏதாவது?

காகிதமும் பென்சிலும் போதும். 0 முதல் 9 வரை சீட்டு எழுதிக் குலுக்கி வையுங்கள். ஒவ்வொருவரும் தன் தாளில் ஏழு கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒரு சீட்டு எடுத்து எண்ணைச் சொன்னதும் எல்லாரும் அதைத் தங்களுக்குப் பிடித்த கட்டத்தில் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது. ஏழு சீட்டு முடிந்ததும் யாருடைய எண் பெரிதோ அவர் வெற்றி. 6 வந்தால் அதை முதல் கட்டத்தில் போடுவதா, 9-க்காகக் காத்திருப்பதா என்று அவர்கள் படும் பாடு பார்க்க நன்றாக இருக்கும். சின்னவர்களுக்கு நான்கு கட்டம் கொடுங்கள். அவர்கள் முதல் நான்கு சீட்டோடு நிறுத்திக்கொண்டு தங்களுக்குள் ஒப்பிடட்டும்.

பெரியவர்களுக்கு அலுத்துவிட்டால் விதியை மாற்றுங்கள்: 50,00,000-க்கு யார் மிக அருகில்? ஒருத்தி 50,13,479 என்று வைத்திருப்பாள், இன்னொருத்தி அதே இலக்கங்களில் 49,75,310 என்று வைத்திருப்பாள், இரண்டு பேரும் தானே ஜெயித்ததாகக் கத்துவார்கள். அந்தக் கழித்தலை அவர்களே போடட்டும், நீங்கள் சீட்டு எடுக்கும் வேலையை மட்டும் பாருங்கள்.